இங்கிலாந்துக் கிராமத்துப் பெரியவர்களின் சிறுவயதுக் கதைகளை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் கிராமத்தில் வளர்ந்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும், ஓடை, ஆப்பிள் தோட்டம், கோயில் மணி, பூட்டாத கதவு என்று சொர்க்கத்திலேயே பிறந்து வளர்ந்த மாதிரி பேசுகிறார்களே, அது உண்மையா, இல்லை வயதானால் எல்லாருக்கும் வருகிற மயக்கமா?

கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன், உள்ளூர் வரலாற்றுக்காரர்களோடு சேர்ந்து பழைய காகிதங்களைக் கிளறுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். அவர்கள் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. ஓடையும் இருந்தது, ஆப்பிளும் இருந்தது. ஆனால் அந்த ஆப்பிள் மரம் யாருடையது, அந்த வீடு யாருடையது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். மறைக்க வேண்டும் என்று இல்லை, ஏழு வயசுப் பிள்ளைக்கு அது தெரியாது. தெரியாததை எழுபது வருஷம் கழித்து எப்படி ஞாபகம் வைத்திருக்க முடியும்?

என் பக்கத்து வீட்டுப் பெரியவரை வைத்தே சொல்கிறேன். 1938-இல் பிறந்தவர், அப்பா பண்ணைத் தொழிலாளி. வேலி ஓரமாக நின்று ஊர்க்கதை பேசுவதை இந்தப் பக்கத்தில் 'மார்டல்' என்பார்கள். அவர் மார்டலுக்கு நின்றால் அரை மணி நேரம் போய்விடும். பொறிவண்டுக்கு அவர் சொல்லும் பெயர் 'பிஷி பார்னபி', கழுதைக்கு 'டிக்கி'. அவருடைய பேரப் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் வேடிக்கையாக இருக்கின்றன, அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அவர் சொல்கிற அறுவடைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமையை அறுத்துக் கட்டிப் போடும் பைண்டர் என்ற இயந்திரம் வயலை வெளிப்புறத்திலிருந்து சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டே உள்ளே போகும். உள்ளே இருக்கிற முயல்கள் எல்லாம் நடுவில் ஒடுங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு சின்னத் திட்டு மட்டும் நிற்கும்போது நாலாபக்கமும் பாயும். ஊர்ப் பையன்கள் ஆளுக்கொரு தடியோடு காத்திருப்பார்கள். குளிர்காலத்தில் கதிரடிக்கும் நாள் வந்தால் இதே கூத்து எலிகளோடு. கதிர்ப்போரின் அடித்தட்டு வரும்போது எலிகள் கூட்டமாக ஓடும், அது கால்சட்டைக்குள் ஏறிவிடும் என்று பெரியவர்கள் முழங்காலுக்குக் கீழே சணல் கயிற்றால் இறுகக் கட்டிக்கொள்வார்கள். அறுவடை முடிந்ததும் பண்ணைக்காரர் போடுகிற விருந்துக்கு 'ஹார்க்கி' என்று பெயர். பக்கத்து ஊர்க்காரர்கள், அவரை என்றைக்கும் சந்தித்திராதவர்கள், இதையே சணல் கயிறு வரைக்கும் அப்படியே சொல்கிறார்கள். அதனால் இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

ஆனால் அந்த முயல்? அது விளையாட்டு என்று அவர் சொல்கிறார். அன்றைக்கு ராத்திரி அவர்கள் வீட்டில் கறிக்குழம்பு என்றால் அந்த முயல்தான் என்பது நான் கேட்ட பிறகுதான் வந்தது.

ஒரு தலைமுறை பின்னால் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். பறவை விரட்டுதல் என்று ஒரு வேலை. விதை தூவின வயலில் காக்கை இறங்காமல், மரத்தட்டைகளைக் கிலுக்கிக்கொண்டு, கத்திப் பாடிக்கொண்டு நடக்க வேண்டும். நமக்கு இதைக் கேட்டவுடன் தினைப்புனம் காத்த வள்ளி ஞாபகம் வரும், ஆலோலம் பாடுவதும் பரண் மேல் உட்காருவதுமாக அழகாகத்தான் தோன்றும். இங்கே அது தனியாக ஒரு சின்னப் பையன், மார்ச் மாதக் குளிரில், விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரை. வார்விக்‌ஷயரில் பார்ஃபோர்டு என்ற ஊரில் 1826-இல் பிறந்த ஜோசஃப் ஆர்ச் ஒன்பது வயதில் இந்த வேலையில்தான் தொடங்கினார், ஒரு நாளைக்கு நான்கு பென்ஸ் கூலி. அவர்தான் பிறகு 1872-இல் விவசாயத் தொழிலாளர்களுக்குத் தேசிய அளவில் சங்கம் கண்டு, நாடாளுமன்றம் வரை போனார்.

எங்கள் நார்ஃபோக்கின் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் கதை இன்னும் கசப்பு. 1850-இல் மார்ஷம் ஊரில் பிறந்தார். பிள்ளைகள் பசிக்கிறது என்று அவர் அப்பா வயலிலிருந்து சில டர்னிப் கிழங்குகளை எடுத்து வந்தார், அதற்குச் சிறை. சம்பாதிக்கிறவர் உள்ளே போனதும் குடும்பம் மொத்தமும் ஏழைகள் விடுதிக்கு. பையன் ஆறு வயதில் காக்கை விரட்டப் போனான், வாரத்துக்கு ஒரு ஷில்லிங். எழுதப் படிக்கக் கல்யாணத்துக்கு அப்புறம் மனைவிதான் சொல்லிக்கொடுத்தார். அந்த மனிதர் 1906-இல் கிழக்கு மாவட்டங்களில் மறுபடி சங்கத்தை எழுப்பி, 1920-இல் அறுபத்தொன்பது வயதில் எம்.பி. ஆனார்.

சரி, பிள்ளைகளின் தினசரி வாழ்க்கையை அறிய நினைவுகளைத் தவிர வேறு என்ன இருக்கிறது? இருக்கிறது. அரசு மானியம் வாங்கின பள்ளிகளில் தலைமையாசிரியர் லாக் புத்தகம் என்ற பள்ளிக் குறிப்பேடு ஒன்று எழுதியாக வேண்டும் என்ற விதி 1860-களில் வந்தது. உள்ளூர் வரலாறு தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. இன்று பாதிப் பேர் வரவில்லை, உருளைக்கிழங்கு எடுக்கப் போயிருக்கிறார்கள். இன்று மழை, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சப்பாத்து இல்லை. தட்டம்மை, பள்ளி மூன்று வாரம் மூடல். அறுவடை தள்ளிப்போனதால் விடுமுறையும் தள்ளிப்போகிறது. இப்படி வரிவரியாகப் போகும். கோடை விடுமுறைக்கு அங்கே பெயரே அறுவடை விடுமுறைதான்; பிள்ளைகள் ஓய்வெடுப்பதற்காக விட்டதில்லை.

அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்குகிற வழக்கமும் இந்தப் பக்கங்களில் அடிக்கடி வரும். பைபிளில் ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கினாளே, அதேதான். பல ஊர்களில் கோயில் மணி அடித்த பிறகுதான் வயலில் இறங்கலாம், யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்று ஏற்பாடு. பொறுக்கினதை மாவாக்கினால் ஒரு குடும்பத்துக்குப் பல வாரம் ரொட்டிக்கு ஓடும். இது ஏழைகளின் உரிமை என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஓர் உரிமை பொதுச் சட்டத்தில் கிடையாது என்று 1788-லேயே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் பொறுக்கினார்கள், நிலத்துக்காரர் விட்டால்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் 1917-இல் நடந்தது. அந்த இலையுதிர் காலத்தில் நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் குதிரைச் செஸ்ட்நட் காய்களைப் பொறுக்கச் சொன்னார்கள். நூலில் கோத்து ஒன்றோடொன்று மோதி உடைத்து விளையாடுகிற காய், சாப்பிட முடியாது. எதற்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, போருக்கு உதவி என்று மட்டும். உண்மையில் பீரங்கி வெடிமருந்தான கார்டைட் தயாரிக்க அசிட்டோன் வேண்டும், அதை இந்தக் காயிலிருந்து எடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். எங்கள் கிங்ஸ் லின்னில் இருந்த ஆலைக்கு மூட்டை மூட்டையாகப் போனது. ஏகப்பட்ட காய்கள் ரயில் நிலையங்களிலேயே கிடந்து அழுகியும் போயின. மரத்தடியில் காய் பொறுக்கிய ஓர் இனிய இலையுதிர் காலம் என்றுதான் அந்தப் பிள்ளை கடைசிவரை ஞாபகம் வைத்திருந்திருப்பாள்.

ஆனால் பிள்ளைகளுக்கு எதுவுமே தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. அதற்கு பர்ஸ்டன் இருக்கிறது.

டிஸ் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர் பர்ஸ்டன். அங்கே 1911-இல் ஆனி ஹிக்டன், டாம் ஹிக்டன் என்ற ஆசிரியத் தம்பதி வந்து சேர்ந்தார்கள். இதற்கு முன் இருந்த வுட் டாலிங் ஊரிலும், பள்ளி நேரத்தில் பிள்ளைகளைப் பண்ணை வேலைக்கு இழுக்கிறார்கள் என்று பண்ணைக்காரர்களோடு சண்டை போட்டவர்கள்தான். டாம், ஜார்ஜ் எட்வர்ட்ஸின் சங்கத்து ஆள். பர்ஸ்டனில் பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் ஊர்ப் பாதிரியாரான ரெக்டர். 1913-இல் ஊராட்சித் தேர்தல் வந்தது. டாம் முதலிடம், ரெக்டர் தோல்வி. அதுவரை கைகட்டி நின்ற தொழிலாளிகள் ஊராட்சி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இதைப் பெரிய மனிதர்கள் எப்படிப் பொறுப்பார்கள்?

பிறகு புகார்கள் கிளம்பின. அனுமதியில்லாமல் அடுப்பு மூட்டினார்கள் என்பது ஒன்று; மழையில் நனைந்து நடந்து வந்த பிள்ளைகளின் துணி காய்வதற்காக மூட்டியது. பிள்ளைகளை அடித்தார் என்று ஆனி மேல் இன்னொன்று, அதை ஊர்க்காரர்கள் நம்பவில்லை. இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். 1914 ஏப்ரல் 1 அன்று, பள்ளியில் இருந்த 72 பிள்ளைகளில் 66 பேர் உள்ளே போக மறுத்து, கொடியும் அட்டையும் பிடித்து ஊரைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். முன்னால் போனவள் பதின்மூன்று வயது வயலட் பாட்டர்.

அன்றைக்குத் தொடங்கிய பள்ளி வேலைநிறுத்தம் 25 வருஷம் நடந்தது. ஆமாம், இருபத்தைந்து. முதலில் ஊர்ப் பொதுப் புல்வெளியில் வகுப்பு, குளிர் வந்ததும் ஒரு தச்சுப் பட்டறையில். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத குற்றத்துக்குப் பெற்றோருக்கு அபராதம் விழுந்தது, நன்கொடை திரட்டிக் கட்டினார்கள். கோயிலுக்குப் போவதையும் பலர் நிறுத்திவிட்டார்கள், வழிபாடும் புல்வெளியிலேயே. ரெக்டர் கையில் ஓர் ஆயுதம் இருந்தது: கோயில் மானிய நிலம். அதில் துண்டு துண்டாகக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டுக்கொண்டிருந்த ஏழைகளில், வேலைநிறுத்தத்தின் பக்கம் நின்றவர்களை அவர் வெளியேற்றினார். நம் ஊரில் கோயில் மானியக் குத்தகை எப்படி ஊர் அரசியலாகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சுரங்கத் தொழிலாளர்கள், ரயில்வே ஊழியர்கள் என்று நாடெங்கும் உள்ள சங்கங்கள் அனுப்பிய பணத்தில் புல்வெளி ஓரத்தில் புதிய பள்ளி எழுந்தது. 1917 மே மாதம் அதைத் திறந்துவைத்ததும் வயலட் பாட்டர்தான். பணம் கொடுத்த சங்கங்களின் பெயர்களை முகப்புச் சுவரில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் படிக்கலாம். 1939-இல் டாம் இறந்த பிறகுதான் பள்ளி மூடியது, மீதியிருந்த பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போனார்கள். ஆனி 1946-இல் இறந்தார். இருவரும் புதைந்திருப்பது அந்த ரெக்டருடைய கோயிலின் மயானத்திலேயே. இப்போது பள்ளிக் கட்டடம் சிறிய அருங்காட்சியகம், ஒவ்வொரு செப்டம்பர் முதல் ஞாயிறும் தொழிற்சங்கக்காரர்கள் கூடுவார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள், பெரிய கட்டடம் என்று எதிர்பார்க்காதீர்கள், உள்ளே நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்தாலே நெருக்கும்.

அந்தப் பிள்ளைகளுக்கு வீடு யாருடையது, நிலம் யாருடையது என்று பன்னிரண்டு வயதிலேயே தெரிந்துபோயிற்று. அதனால் பர்ஸ்டன் கதைகளில் ஆப்பிள் மரம் அவ்வளவாக வராது, பாருங்கள்.

இதற்கு நேர் எதிர், டோர்செட் கடலோரத்தில் டைனம். 1943 டிசம்பரில், பீரங்கிப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று ராணுவம் ஒரு மாத அவகாசத்தில் ஊரைக் காலி செய்யச் சொன்னது. இருநூற்றுச் சொச்சம் பேர். எங்கள் வீடுகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று கோயில் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். திரும்ப விடவேயில்லை. 1948-இல் ராணுவம் நிலத்தை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. இப்போது பெரும்பாலான வார இறுதிகளில் மக்கள் போய்ப் பார்க்கலாம், பள்ளிக்கூடத்தைப் பழையபடி பிள்ளைகளின் பெயரோடு அலங்கரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே வளர்ந்தவர்கள் சொன்ன நினைவுகளைப் படித்தால் இங்கிலாந்திலேயே இனிமையான ஊர் அதுதான் என்று தோன்றும். ஆனால் பள்ளிக்கூடம் போதிய பிள்ளைகள் இல்லாமல் 1932-லேயே மூடியாகிவிட்டது, ராணுவம் வருவதற்குப் பதினோரு வருஷம் முன்பே. வீடுகளில் பெரும்பாலானவை பாண்ட் குடும்பம் என்ற ஜமீன்தார்களுக்குச் சொந்தம், ஊர்க்காரர்கள் வாடகைக்கு இருந்தவர்கள். எங்கள் வீடு என்று அந்தக் காகிதத்தில் எழுதினது மனசார எழுதியதுதான், பத்திரத்தில் மட்டும் வேறு பெயர்.

அப்புறம், பிளாக்பெர்ரி பறித்த உயிர்வேலிகள். படங்களில் வருகிற அந்தக் கட்டம் கட்டமான பச்சை வயல்கள் ஆதிகாலத்தியவை என்று பலரும் நினைக்கிறார்கள். நாட்டின் நடுப்பகுதியில் நிறைய வேலிகள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், திறந்த வயல்களையும் பொது மேய்ச்சலையும் தனி ஆளுக்குப் பிரித்துக்கொடுத்த 4,000-க்கும் மேற்பட்ட சட்டங்களின் பலனாக நட்டவை. வேலி போடாத வயல் எப்படி இருந்தது என்று பார்க்க நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டனுக்குப் போக வேண்டும். மூன்று பெரிய வயல்கள், அதில் ஒவ்வொருவருக்கும் சிதறிய துண்டுகள். 1635-இல் வரைந்த வரைபடம் இருக்கிறது. எல்லையை மீறி உழுதவருக்கு அபராதம் போட ஊர்ச் சபை இன்றும் வருஷா வருஷம் கூடுகிறது. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே விட்டுவிடுகிறேன்.

நம் பெரியவரிடம் திரும்புகிறேன். அவருடைய கதைகளில் மிகவும் சந்தோஷமானவை இரண்டு. ஒன்று அமெரிக்கர்கள். டிஸ்ஸுக்குப் பக்கத்தில் தார்ப் அபட்ஸ் விமானத்தளத்தில் 1943 முதல் 1945 வரை அமெரிக்காவின் 100-வது குண்டுவீச்சுப் பிரிவு இருந்தது, பையன்கள் சாலையோரம் நின்று 'கம் இருக்கா, சம் (நண்பா)?' என்று கத்துவார்கள், சூயிங் கம் பறந்து வரும். காலையில் போன விமானங்களை மாலையில் எண்ணிப் பார்ப்பார்களாம், குறைவாக வந்தால் வீட்டில் அம்மா பேச மாட்டார்.

இரண்டாவது, வீடு மாறுவது. குழந்தைப் பருவத்தில் நான்கு முறை மாறினார்கள். எப்போதும் அக்டோபரில், எப்போதும் குதிரை வண்டியில், கட்டிலும் மேசையும் ஏற்றி அதன் மேல் கோழிக் கூண்டும் கூண்டுக்குப் பக்கத்தில் அவரும். ஊரே பார்க்க உயரத்தில் உட்கார்ந்து போன சந்தோஷத்தை அவர் சொல்லும்போது முகம் மலரும்.

ஏன் அக்டோபர்? இந்தப் பக்கத்தில் பண்ணைக் கணக்கு வருஷம் பழைய மைக்கேல்மஸ் நாளான அக்டோபர் 11-இல் புரளும். மைக்கேல்மஸ் உண்மையில் செப்டம்பர் 29. 1752-இல் நாட்காட்டியை மாற்றி 11 நாளை வெட்டியபோது கிராமங்கள் அதை ஏற்காமல் பழைய கணக்கிலேயே தொடர்ந்தன. குத்தகை முடிவது, ஆள் மாறுவது எல்லாம் அன்றைக்கு. பண்ணைத் தொழிலாளியின் வீடு பண்ணைக்காரருடையது, வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. டைட் காட்டேஜ் என்பார்கள். வேலை போனால், உடம்பு படுத்தால், முதலாளியோடு ஒரு வார்த்தை கூடிவிட்டால், குடும்பத்தோடு தெருவில். இதற்கு உருப்படியான சட்டப் பாதுகாப்பு வந்தது 1976-இல்தான்.

இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை, எனக்கு என்ன உரிமை? ஒருநாள் அவரே, தன் பெயர் இருக்கிற பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்களை வாங்கி வந்து காட்டினார். நான்கு பள்ளி, நான்கு வரி. விலகிய காரணம் என்ற கட்டத்தில் ஒவ்வொன்றிலும் ஊரை விட்டுப் போனார்கள் என்று ஒரே வாசகம், தேதி எல்லாம் அக்டோபர். மூன்றாவது வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அப்பாவுக்கு முதுகில் அடிபட்டிருந்தது, என்றார். அப்புறம் நகல்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தத் தடவை கூண்டில் ஏழு கோழி, போய்ச் சேர்ந்தபோது எட்டு இருந்தது, வழியில் எது எங்கே ஏறியது என்று இன்றுவரை தெரியாது என்றார்.